கெட்டுப்போன பிள்ளைகளின் வம்சாவளி

ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சாக்ரடீஸ் அவ்வப்போது வந்துவிடுகிறார். இளைஞர்கள் சொகுசுக்குப் பழகிவிட்டார்கள், பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பதில்லை, பெற்றோரை எதிர்த்துப் பேசுகிறார்கள், வாத்தியாரை ஆட்டிவைக்கிறார்கள் என்று அவர் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே புலம்பியதாகச் செய்தி ஓடும். கீழே ஒருவர் கைகூப்புவார். இன்னொருவர் "அன்றே சொன்னார்" என்பார்.

சாக்ரடீஸ் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் கிடையாது. பழைய கிரேக்கப் பள்ளிகளைப் பற்றி 1907ல் ஓர் ஆய்வு நூல் வந்தது. எழுதியவர் கென்னத் ஜான் ஃப்ரீமன். அக்காலத்துப் பெரியவர்கள் பிள்ளைகள்மேல் சொன்ன குறைகளையெல்லாம் திரட்டித் தன் சொற்களில் அவர் ஒரு சுருக்கம் கொடுத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிய்த்தெடுத்துச் சாக்ரடீஸின் வாயில் வைத்துவிட்டார்கள். நூல் அச்சாவதற்கு முன்பே, 1906ல், இருபதுகளிலேயே ஃப்ரீமன் இறந்துபோனார். உலகத்துக் கிழவர்களெல்லாம் இளைஞர்களைத் திட்ட எடுத்தாளும் வாசகத்தை எழுதியவன், அவர்கள் திட்டுகிற வயதில் இருந்த ஒருவன்.

சாக்ரடீஸ் நின்றதோ எதிர்ப்பக்கத்தில். கி.மு. 399ல் ஏதென்ஸ் அவருக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றபோது சுமத்திய குற்றங்களில் ஒன்று, இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. அவரைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கப் பழகிய பையன்கள், ஊரில் அறிவாளி என்று பெயரெடுத்தவர்களிடம் போய் அதே மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. இளைஞர்களைக் கெடுத்ததற்காகக் கொல்லப்பட்ட மனிதரையே இளைஞர்களுக்கு எதிரான சாட்சிக் கூண்டில் நாம் ஏற்றி வைத்திருக்கிறோம்.

உண்மையான புலம்பல் வேண்டுமென்றால் அரிஸ்டோஃபனீஸிடம் போகலாம். கி.மு. 423ல் அரங்கேறிய அவருடைய 'மேகங்கள்' நாடகத்தில் பழைய கல்விமுறைக்காக வாதாட ஒரு பாத்திரம் வரும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், தெருவில் வரிசையாக நடப்பார்கள், பனியிலும் மேலாடை கேட்க மாட்டார்கள் என்று அது அடுக்கும். எடுத்துக்காட்ட விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் எடுப்பார்கள். எனக்கு அந்த நாடகத்தில் முக்கியமாகப் படுவது கடன். மகனுக்குக் குதிரைப் பந்தயப் பித்து. குதிரை வாங்கிக் கொடுத்தே தகப்பன் ஸ்ட்ரெப்சியாடீஸ் கடனாளியாகிவிட்டான். கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பொய்யை மெய்யாக்கிப் பேசும் வித்தையைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் சாக்ரடீஸின் பள்ளிக்கு ஓடுகிறான். வயதாகிவிட்டது, மண்டையில் ஏறவில்லை. மகனைக் கட்டாயப்படுத்தி அனுப்புகிறான். மகன் நன்றாகவே கற்றுத் திரும்புகிறான். அந்தத் தைரியத்தில் கடன்காரர்களைத் தகப்பன் விரட்டி அடிக்கிறான். அடுத்து மகன் தகப்பனை அடிக்கிறான். அடித்துவிட்டு நியாயமும் சொல்கிறான்: சின்ன வயதில் என் நன்மைக்காகத்தானே அடித்தாய், இப்போது உன் நன்மைக்காக நான் அடிக்கிறேன். தகப்பன் போய்ப் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கிறான்.

ஏமாற்றக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பியது அவன்தான் என்பது தீ வைக்கும் நேரத்தில் அவன் ஞாபகத்துக்கு வந்த மாதிரித் தெரியவில்லை.

நம் பக்கம் இந்தப் புலம்பலுக்குக் கலிகாலம் என்று நிரந்தர ஏற்பாடே உண்டு. யுகம் தேயத் தேய மனிதர்கள் கெடுவார்கள் என்று தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டதால் விசாரணைக்கு அவசியம் இல்லை. குற்றவாளி மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி. இதைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற அவருடைய தலைப்பிலேயே அந்தத் தலைமுறையின் பெருமூச்சு கேட்கும். காப்பியோடு நாவல்: வீட்டுப் பெண்கள் கையில் நாவல் வந்தால் குடும்பம் என்னாவது? பிறகு நாடகம், பிறகு சினிமா. 1927ல் வெள்ளைக்கார அரசு சினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு குழுவே போட்டது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் அதற்குத் தலைவர். ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் வாங்கினார்கள். அந்த ஊமைப்படங்களைப் பார்த்துக் கெட்டுப்போயிருக்க வேண்டிய பையன்கள்தான், பிற்பாடு டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்களைத் திட்டிய தாத்தாக்கள். டிரான்சிஸ்டர் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பிள்ளைகளைத் திட்டினார்கள். தொலைக்காட்சிப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது. செல்போனால் ஒரு தலைமுறையே பாழாகிவிட்டது என்று செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கக் கவிகள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள். புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் வருகிறார். பூண் போட்ட ஊன்றுகோல், இருமலுக்கு நடுவே சில வார்த்தைகள். பெயர்கூடத் தெரியாமல் கோலை வைத்தே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் போட்டுவிட்டார்கள். இளமையில் பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், தண்ணீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் வாய்பிளக்க மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்ததையும் சொல்லி, அந்த இளமை எங்கே போயிற்றோ என்று ஏங்குகிறார். அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குளத்தில் இறங்கவே தெரியவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. தன் வயதையே நொந்துகொள்கிறார், பேரனை இழுக்கவில்லை. பிசிராந்தையார் இன்னும் ஒரு படி மேலே. இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள் என்பது. பிள்ளைகளால் நரைக்காமல் இருந்த ஒரே தமிழ் எழுத்தாளர் அவராகத்தான் இருக்கும்.

சரி, நடந்தது என்ன? முன்னே இருந்தவர்கள் நல்ல பிள்ளைகளா?

காவிரிப் பாசனத்துக் கிராமம் ஒன்றில் எழுபதுகளில் நான் பார்த்து வளர்ந்த நல்ல பிள்ளைகளைச் சொல்ல வேண்டும். அப்பா திண்ணையில் இருந்தால் கொல்லைவழியாகப் போவார்கள். பெரியவர் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். வாத்தியார் பேரைச் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் பேசும் இடத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அதே பிள்ளைகளில் ஒருவன், பத்து வயது இருக்கும், களத்துமேட்டில் நின்றுகொண்டு தன் தாத்தா வயதுள்ள பண்ணையாளைப் பேர் சொல்லி, "டேய், இங்க வாடா" என்று கூப்பிடுவான். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இதோ வந்துட்டேன் ஆண்டே" என்று ஓடிவருவார். பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாத பையன் என்று ஊரில் யாரும் அவனைக் கண்டித்துப் பார்த்ததில்லை. யாருக்கு மரியாதை கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற கணக்கில் பிசகாதவன் என்று அவன்மேல் மதிப்புக்கூட உண்டு. அந்தக் கணக்கில் தேறுவதற்குத்தான் ஊர் நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதே பக்கத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கும் பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. நடத்தையை ஆளின் தகுதியிலிருந்து ஊகிக்கும் வழக்கம் நீதிமன்றம்வரை போயிருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தத் தலைமுறையின் ஒழுக்கத்தை அளந்த கோல் மேல்நோக்கி மட்டுமே அளந்தது. தகப்பனிடம், முதலாளியிடம், வாத்தியாரிடம், சாமியிடம் எப்படி நடந்துகொண்டாய் என்று பார்த்தது. பெண்டாட்டியிடம், வண்டிக்காரனிடம், சேரியிலிருந்து வருகிறவனிடம் எப்படி நடந்துகொண்டாய் என்று அது கேட்டதே இல்லை.

மேல்நோக்கிய அந்த ஒழுக்கமும் எப்படி வந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைகளில் கோதண்டம் என்று ஒன்று உண்டு. உத்தரத்தில் கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடுவது. பின்னால் வந்த பள்ளிகளில் கயிறு போய்ப் பிரம்பு மிஞ்சியது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப்போன பெற்றோரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் பாசத்தின் உச்சமாகவே இன்றும் நினைவுகூர்கிறார்கள். பயத்தால் வந்த ஒழுக்கத்துக்குப் பார்க்கிற கண் தேவை. வாத்தியார் தலை மறைந்ததும் சைக்கிள் டியூப்பில் காற்று போகும். கக்கூஸ் சுவரில் அவர் படம் வரையப்படும். ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதில் பாதியை இங்கே அச்சில் போட முடியாது. அன்று எவனும் அதைப் படம் பிடிக்கவில்லை. இன்றைய பையனின் குறும்பு வீடியோவாக மாநிலம் முழுக்கச் சுற்றுகிறது. நம் குறும்பு பழைய மாணவர் சந்திப்பில் நகைச்சுவையாக மட்டும் சுற்றுகிறது.

குறும்பு என்று தள்ள முடியாதவையும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்லூரியில் படித்தவர்கள் இன்று இளைஞர்களைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள். அவர்களுடைய காலத்தின் நன்னடத்தைச் சான்றிதழ் அரசிதழில் இருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர், மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1998ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, தெருவில் இளைஞர்கள் செய்த சீண்டலில் கீழே விழுந்து இறந்தார். அதே ஆண்டு ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. நடக்காத குற்றத்துக்கு எந்த அரசும் சட்டம் போடுவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று பெண்களைப் பாட்டுப் பாடிச் சீண்டுவது அந்தக் காலத்தில் இளமையின் அடையாளம். நாயகி 'சரி' என்று சொல்லும்வரை அவள் பின்னாலேயே மூன்று ரீல் போகும் நாயகனுக்குத் தியேட்டரில் விசில் அடித்தவர்கள் இப்போது பெண்ணைப் பெற்றவர்கள். இன்று பேருந்தில் ஒருவன் உரசினால் இருபது வயதுப் பெண் திரும்பி நின்று சத்தம் போடுகிறாள். அதைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு என்னா வாய்!" என்று சொல்வதும் இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

அடங்காத மாணவர்கள் என்று 1965ல் ஓர் அரசாங்கமே சொன்னது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வகுப்பைவிட்டு வெளியே வந்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1967 தேர்தலில், விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அன்று காலிகள் என்று பத்திரிகையில் திட்டு வாங்கியவர்கள் பிற்பாடு மொழிப்போர் தியாகிகளாகவும் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் ஆனார்கள். வயதானபின் அவர்களும் இளைஞர்களுக்குப் புத்தி சொன்னார்கள்.

நினைவு நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்பதை ஜான் புரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2019ல் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. அதிகாரத்துக்குக் கட்டுப்படும் குணம் உள்ளவர்கள், இன்றைய பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பதில்லை என்று அதிகம் சொன்னார்கள். நிறையப் படித்தவர்கள், பிள்ளைகள் படிப்பதில்லை என்று அதிகம் சொன்னார்கள். ஆளுக்கு எது பலமோ, அதில்தான் அடுத்த தலைமுறை மட்டமாகத் தெரிகிறது. வாசிப்புத் தேர்வு ஒன்று வைத்துச் சிலரிடம் வேண்டுமென்றே "உங்கள் மதிப்பெண் குறைவு" என்று சொன்னதும், இன்றைய பிள்ளைகள்மேல் அவர்களுக்கு இருந்த கடுமை தணிந்துவிட்டது. இன்றைய தன்னைக் கொண்டுபோய் நேற்றைய பிள்ளைகள் எல்லோர்மேலும் ஏற்றிவிடுகிறோம் என்பது அவர்கள் கண்ட காரணம். நாற்பது வயதில் வாசகரான ஒருவருக்கு, பத்து வயதில் தன் வகுப்பே புத்தகமும் கையுமாக இருந்ததாகத் தோன்றுகிறது.

ஆடம் மாஸ்ட்ரோயானியும் டேனியல் கில்பர்ட்டும் 2023ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. குறைந்தது அறுபது நாடுகளில் மக்கள் அறம் குன்றிவருவதாக நம்புகிறார்கள். அமெரிக்காவில் 1949 முதல் எடுத்த கருத்துக்கணிப்புகளில் இந்தப் புகார் மாறாமல் இருக்கிறது. ஆனால் 'உங்களைச் சுற்றியுள்ளவர்கள் இன்று உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்' என்று வெவ்வேறு ஆண்டுகளில் கேட்டபோது கிடைத்த பதில்களில் பெரிய வித்தியாசம் இல்லை. எப்போதிருந்து கெட ஆரம்பித்தது என்று கேட்டால், ஏறத்தாழத் தாங்கள் பிறந்த காலத்திலிருந்து என்று சொல்லியிருக்கிறார்கள்! கலியுகம் அவரவர் ஜாதகத்தில்தான் தொடங்குகிறது.

எண்களும் கொஞ்சம் சொல்லலாம். நம் நாட்டில் 13 முதல் 15 வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளிடையே புகையிலைப் பழக்கம் 2009ல் 14.6 சதவீதம், 2019ல் 8.5 சதவீதம். சிறார்மேல் பதிவான வழக்குகள் 2016ல் 35,000க்கு மேல் இருந்தன, 2022ல் 30,500ஐ ஒட்டி. போலீஸ் பதியும் வழக்கு என்பது போலீஸின் அக்கறையையும் சேர்த்துக் காட்டும் கணக்கு, அதை வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் பெருவெள்ளமாகக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்கிறவர்கள் காட்டுவதற்கு இந்த அளவுகூட இல்லை.

இந்த நம்பிக்கை வெறும் முணுமுணுப்போடு நின்றுவிட்டால் கேடில்லை. அமெரிக்காவில் 1995ல் ஜான் டிலூலியோ என்ற பேராசிரியர், ஈவிரக்கமற்ற ஒரு புது இளைஞர் கூட்டம் கிளம்பப்போகிறது என்று எச்சரித்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களாக வைத்து விசாரிக்கும் சட்டங்களை மாநிலத்துக்கு மாநிலம் கடுமையாக்கினார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் அதில் மாட்டினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்லை. அந்தச் சமயத்திலிருந்தே இளையோர் குற்றம் குறைய ஆரம்பித்திருந்தது. கணிப்பு தப்பு என்று டிலூலியோவே பிறகு ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போன பிள்ளைகளுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

இவ்வளவு சொல்வதால் இன்றைய பிள்ளைகள் தங்கம் என்று வாதாட வந்ததாக நினைக்க வேண்டாம். 2022ல் கொரோனா விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்தபின் வந்த வீடியோக்களை நானும் பார்த்தேன். ஆசிரியரை அடிக்கக் கை ஓங்கும் பையன், மேசை நாற்காலியை உடைக்கும் கூட்டம். ஒழுங்கீனமாக நடப்பவர்களை நீக்கி, காரணத்தை மாற்றுச் சான்றிதழிலேயே எழுதுவோம் என்று அமைச்சர் சட்டமன்றத்தில் சொல்லும் அளவுக்குப் போனது. வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் பயம் உண்மையான பயம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அவர் கையிலிருந்து பிரம்பை வாங்கியது. சரிதான், வாங்கியிருக்க வேண்டியதுதான். ஆனால் அறுபது பேரை வைத்துக்கொண்டு பிரம்பில்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பேசிப் பார்க்க ஒரு மனநல ஆலோசகரை அந்தப் பள்ளியில் உட்கார வைக்கவும் இல்லை. போதைப் பொருள் புதிது. கூடப் படிக்கும் பெண்ணின் படத்தைத் திருத்திக் குழுவில் போடும் கொடூரம் புதிது. அதற்கு நம் காலத்தில் சமமான ஒன்றைத் தேடி ஆறுதல் அடைய முடியாது. கக்கூஸ் சுவரில் எழுதியதைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள், இதை மறைக்க முடிவதில்லை.

மற்றதில் பெரும்பகுதியைத் தோண்டினால் அடியில் நாம்தான் இருக்கிறோம். 2019 ஜூனில் சென்னையில் பஸ் தினம் என்று கூரைமேல் ஏறி ஆடிய மாணவர்கள், ஓட்டுநர் பிரேக் போட்டதும் கொத்தாக முன்னால் விழுந்தார்கள். பஸ் தினம் ஒரு காலத்தில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை போட்டு நன்றி சொல்ல வந்த வழக்கம். 'ரூட்டுத் தல' என்று ஒருவனுக்குப் பட்டம் கட்டி, அவனுக்குப் பின்னால் நூறு பேர் போய்ப் போக்குவரத்தை மறிக்கும் நடைமுறையை அந்தப் பையன்கள் எங்கே கற்றார்கள்? அவர்கள் வளர்ந்த ஊரில் வட்டச் செயலாளர் பிறந்தநாளுக்குச் சாலையை மறித்துக் கட்அவுட் வைப்பது நாகரிகம், கல்யாணத்துக்கு நாற்பது வண்டி அணிவகுப்பது கௌரவம்.

இதைவிடக் கனமான ஒன்று தெற்கே நடந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவர், கூடப் படிக்கும் பையன்கள் செய்யும் தொல்லையைப் பள்ளியில் சொன்னார். அன்றிரவு அந்தப் பையன்கள் வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இதையும் இளைய தலைமுறையின் சீரழிவு என்ற தலைப்பில் பேசியவர்கள் உண்டு. சீரழிவு என்றால் முன்னோர் வழியிலிருந்து விலகுவது. இந்தப் பையன்கள் விலகவில்லை. களத்துமேட்டில் நின்று "வாடா" என்று கூப்பிட்டவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, அதையே இவர்களும் படித்தார்கள். கூப்பிட்டால் ஓடிவர எதிரே ஆள் இல்லாமல் போனதுதான் மாறியது. கூப்பிடப்பட்டவன் ஓடி வராமல் பள்ளியில் போய்ப் புகார் சொன்னான். பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று வருந்துகிறோம். கேட்ட இடத்தில் நடந்தது இது.

அதே பக்கத்துப் பள்ளிகளில் பையன்கள் கையில் நிறம் நிறமாகக் கயிறு கட்டுவார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். 2019ல் பள்ளிக்கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் அறிவித்தார். எதிர்த்தவர்கள் யாரும் பள்ளி மாணவர்கள் இல்லை.

இந்த இளைஞர்கள் வேறு மாதிரியும் நடந்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இடுப்பளவு தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தவர்கள், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நாள்கணக்கில் கூடியிருந்து குப்பையைத் தாங்களே பொறுக்கியவர்கள், நள்ளிரவிலும் பெண்கள் அச்சமின்றி உட்கார்ந்திருந்த கூட்டம். அப்போது பெரியவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆச்சரியப்பட்டது ஒரு வாரம். அந்தக் கூட்டத்தை யாரும் ஊரிலிருந்து கட்டளையிட்டு அனுப்பவில்லை என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நாங்குநேரிக்குப் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பிள்ளைகளுக்கான பரிந்துரைகள் இருக்கின்றன: கையில் வண்ணக் கயிறு கூடாது, சாதி அடையாளம் கூடாது. ஆனால் அறிக்கை பிள்ளைகளோடு நிற்கவில்லை. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுங்கள் என்றது. தலைமையாசிரியரும் கல்வி அதிகாரிகளும் அந்தப் பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது என்றது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்தையே மாற்றச் சொன்னது. பிள்ளைகளைத் திருத்த வழி கேட்டவர்கள் கைக்கு, பெரியவர்களைத் திருத்தும் பட்டியல் வந்து சேர்ந்தது. எதிர்ப்பு இந்த முறையும் பெரியவர்களிடமிருந்தே வந்தது.

உங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பையன் இருந்தால், அவன் உங்கள் பேச்சைக் கேட்கிறானா என்று பார்ப்பதற்கு முன், அவன் கையில் இருக்கும் கயிற்றைப் பாருங்கள். என்ன நிறம், யார் கட்டிவிட்டது என்று அவனிடமே கேளுங்கள்.